சென்சரை மாற்றுவதா, சுத்தம் செய்தால் போதுமா? டிபிஎஸ் தகராறுக்கு ஐந்து வழிகள்

வண்டி சிக்னலில் நிற்கிறது. ஏசி கம்ப்ரசர் 'டக்' என்று ஓடத் தொடங்கியதும் ஆர்பிஎம் முள் சரிந்து எஞ்சின் அணைந்துவிடுகிறது. பின்னால் ஹாரன் சத்தம். சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறது. இரண்டு நாள் கழித்து செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டால் போனிலேயே தீர்ப்பு வந்துவிடும்: "டிபிஎஸ் போயிருக்கும் சார், மாத்திடலாம்." டிபிஎஸ் என்பது த்ராட்டில் பொசிஷன் சென்சர்: எஞ்சினுக்குக் காற்றை விடும் த்ராட்டில் தகடு எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்வது.

அப்புறம்தான் தலைவலி ஆரம்பம். பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் சரியாகிவிடும் என்பார் ஒருவர். ஸ்ப்ரே வாங்கி அடி என்பார் இன்னொருவர். சென்சரை மட்டும் மாற்று என்று ஒரு கட்சி, த்ராட்டில் பாடியையே மாற்றினால்தான் நிம்மதி என்று எதிர்க்கட்சி. சர்வீஸ் சென்டரில் கேட்டால் ஐந்து இலக்கத்தில் எஸ்டிமேட். இந்த ஐந்தில் எது உங்கள் வண்டிக்கு, எது உங்கள் கைக்கு என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். பேச்சு முழுக்க பெட்ரோல் கார்களைப் பற்றியது. டீசல் வண்டியில் இதே மாதிரித் தொல்லை என்றால் முதல் சந்தேகம் ஆக்சிலேட்டர் பெடலில் இருக்கும் சென்சர் மேல் விழ வேண்டும்.

## பானெட்டைத் திறந்து ஒன்றை மட்டும் பாருங்கள்

ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் தடித்த ரப்பர் குழாயைப் பின்தொடர்ந்தால், அது முடியும் இடத்தில் அலுமினியத்தில் ஒரு சிறு வார்ப்பு இருக்கும். அதுதான் த்ராட்டில் பாடி. அதன் பக்கவாட்டில் ஒரு கம்பிக் கேபிள் வந்து சக்கரம் போன்ற ஒன்றில் சுற்றியிருக்கிறதா?

இருந்தால் உங்களுடையது கேபிள் வண்டி. பழைய ஆல்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ ஜிங் எல்லாம் இந்த ரகம். இதில் டிபிஎஸ் தனியாக ஒரு கறுப்பு பிளாஸ்டிக் டப்பா. பெரும்பாலும் இரண்டு ஸ்க்ரூ, மூன்று வயர், அவ்வளவுதான்.

கேபிள் இல்லாமல் ஒரு பெரிய கப்ளர் (வயர்களை இணைக்கும் சொருகி) மட்டும் மாட்டியிருந்தால் எலெக்ட்ரானிக் த்ராட்டில். பெடலை மிதித்தால் அது வெறும் சமிக்ஞை. தகட்டைத் திறப்பது உள்ளே இருக்கும் மோட்டார். இதில் நிலையைச் சொல்லும் சென்சர் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று பொய் சொன்னால் இன்னொன்றை வைத்து எஞ்சினின் கணினியான ஈசியூ கண்டுபிடித்துவிடும். இரண்டும் பாடியின் மூடிக்குள்ளேயே அடங்கியிருப்பதால், பெரும்பாலான வண்டிகளில் தனியாக விற்பதே இல்லை. அதாவது 'சென்சரை மட்டும் மாற்றுவது' என்ற வழி உங்களுக்கு இருக்கிறதா இல்லையா என்பதே இந்த ஒரு பார்வையில் முடிந்துவிடும். இதைப் பார்க்காமல் கடைக்குப் போய் "டிபிஎஸ் கொடுங்க" என்று கேட்டு வெறுங்கையோடு திரும்பியவர்கள் உண்டு.

கேபிள் வண்டியின் சென்சர் எப்படி வேலை செய்கிறது என்பதையும் ஒரு நிமிடம் பார்த்துவிடலாம். பழைய ரேடியோவின் வால்யூம் குமிழ் நினைவிருக்கிறதா? அதேதான். ஒரு கரிப் பாதையின் மேல் சின்னத் தகடு ஒன்று உரசிக்கொண்டே நகரும். ஒரு முனையில் 5 வோல்ட், மறுமுனையில் எர்த், நடுவில் இருப்பது சிக்னல். த்ராட்டில் மூடியிருந்தால் ஏறக்குறைய அரை வோல்ட், முழுக்கத் திறந்தால் நான்கு, நாலரை. குமிழ் பழசானால் ஒரு குறிப்பிட்ட இடத்தில் 'கரகர' என்று சத்தம் வருமே, அதே கரகரப்புதான் இங்கே வண்டி திணறலாகத் தெரிகிறது. நம் ஊர் டிராஃபிக்கில் கால் பாதி நேரம் பெடலை லேசாகத் தொட்டபடியே இருப்பதால், மூடிய நிலையை ஒட்டிய பகுதிதான் முதலில் தேயும். சிக்னலிலும் முதல் கியரிலும் மட்டும் படுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

## எதை வைத்து எடை போடுவது

விலையை மட்டும் வைத்து முடிவெடுத்தால் ஏமாந்துபோவோம். நான் பார்ப்பவை இவை:

- கோளாறு இங்கேதான் என்ற உறுதி. அது எவ்வளவு குறைவோ, அவ்வளவு மலிவான வழியில் தொடங்க வேண்டும்.
- தப்பாகிவிட்டால் திரும்பி வர முடியுமா. பேட்டரி வயரைத் திரும்ப மாட்டிவிடலாம். தலை வழுக்கிய ஸ்க்ரூவையும் சுரண்டிவிட்ட பூச்சையும் ஒன்றும் செய்ய முடியாது.
- பின்வேலை. மாட்டி முடித்த பிறகு ஈசியூ புதிய நிலையைக் கற்றுக்கொள்ள வேண்டும். அது தானாக நடக்குமா, ஸ்கேனர் வேண்டுமா?
- எண்ணிக்கையில் வராத செலவு. கேஸ்கெட் (பாடிக்கும் எஞ்சினுக்கும் நடுவே வரும் சீல்), கூலன்ட், ஆட்டோ சார்ஜ், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

முதலில் இருக்கும் உறுதியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். நானும் தாண்டினேன்.

ஒரு கேபிள் வண்டி வைத்திருந்தேன். வாட்டர் வாஷ் விட்டு வந்த வாரத்தில் மேலே சொன்ன அதே சிக்னல் நாடகம். மெக்கானிக் டிபிஎஸ் என்றார். சென்னை ஜி.பி. ரோட்டில் ஏறி இறங்கி ஒன்று வாங்கி, ஒரு ஸ்க்ரூவின் தலையை வழுக்கவிட்டு, குறடால் பிடித்துத் திருகி எப்படியோ மாட்டிவிட்டேன். வண்டி பிரமாதமாக ஓடியது, சரியாக எட்டு நாள். ஒன்பதாம் நாள் பழைய கதை. கப்ளரைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஒரு பின்னில் பச்சையாகக் களிம்பு. புது சென்சரை மாட்டும்போது கப்ளரைப் பிடுங்கி அழுத்தியதில் களிம்பு கொஞ்சம் உரசி விலகியிருக்கிறது. எட்டு நாள் நிம்மதி கொடுத்தது சென்சர் இல்லை, அந்தப் பிடுங்கல்தான். கான்டாக்ட் கிளீனர் அடித்து, பின்னைச் சுரண்டிவிட்டு, பழைய சென்சரையே திரும்ப மாட்டினேன். அதற்கப்புறம் மூன்று வருடம் அந்த வண்டி அந்தத் தொல்லை கொடுக்கவில்லை.

ஆகவே 'மாற்றினேன், சரியாகிவிட்டது' என்று யார் சொன்னாலும், எது சரி செய்தது என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்துகொண்டே இருக்கும்.

## உறுதிக்கு ஒரு மீட்டரும் ஒரு அடாப்டரும்

இரண்டும் சேர்ந்து 2,000 ரூபாய்க்குள் முடியும். சோதனைக் கருவிகளுக்காக வண்டியில் வைத்திருக்கும் ஓபிடி போர்ட்டில் சொருகும் இஎல்எம்327 புளூடூத் அடாப்டரும் போனில் ஒரு ஆப்பும் இருந்தால் ஈசியூ பதிந்து வைத்த பிழைக் கோடு (எரர் கோட்) தெரிந்துவிடும். 2010-க்கு முந்தைய பல வண்டிகளில் போர்ட் இருக்கும், ஆனால் இந்த மலிவு அடாப்டர் அதோடு பேசாது. வாங்கும் முன் உங்கள் மாடலுக்கு ஓடுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பி0121 என்றால் சிக்னல் வருகிறது, ஆனால் மற்ற சென்சர்கள் சொல்வதோடு ஒத்துப்போகவில்லை. பி0122 என்றால் வோல்டேஜ் ரொம்பக் குறைவு: 5 வோல்ட் வரவில்லை, அல்லது சிக்னல் வயர் அறுந்திருக்கிறது. பி0123 என்றால் ரொம்ப அதிகம்: எர்த் வயர் விட்டுப்போனால்கூட இதுதான் வரும். பி0124 விட்டு விட்டு வரும் கோளாறு, பெரும்பாலும் கப்ளர் அல்லது தேய்ந்த பாதை. எலெக்ட்ரானிக் த்ராட்டிலில் பி2135 வந்தால் இரண்டு சென்சர்களும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன என்று பொருள். இவற்றில் எதுவுமே 'சென்சர் செத்துவிட்டது' என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்தச் சுற்றில் எங்கோ தகராறு என்று மட்டும்தான் சொல்கின்றன. நம் ஊரில் அந்த 'எங்கோ' பல சமயம் எலி கடித்த வயர்.

பி0506, பி0507 வந்தால் அது ஐடில் (பெடலைத் தொடாதபோது எஞ்சின் ஓடும் வேகம்) குறைவு, ஐடில் அதிகம் என்ற புகார். டிபிஎஸ் பக்கமே போக வேண்டாம், அழுக்கையும் காற்றுக் கசிவையும் பாருங்கள்.

அடுத்தது மல்ட்டிமீட்டர். கேபிள் வண்டியில் இக்னிஷன் ஆன், எஞ்சின் ஆஃப். கப்ளரைக் கழற்றி வயர் பக்கம் 5 வோல்ட்டும் எர்த்தும் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் சென்சரைத் திட்டிப் பயனில்லை. அந்த 5 வோல்ட் பல வண்டிகளில் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சருக்கும் பொது. அங்கே ஷார்ட் ஆனால் இங்கே பட்டினி. வருகிறது என்றால் கப்ளரை மாட்டி, சிக்னல் வயரின் பின்பக்கமாக ஒரு குண்டூசியை நுழைத்து, ஆக்சிலேட்டர் கேபிளைக் கையால் மெல்ல இழுங்கள். எண் படிப்படியாக ஏற வேண்டும். நடுவில் எங்காவது சட்டென்று விழுந்து எழுந்தால் சென்சர் தேய்ந்துவிட்டது. முள் ஆடும் பழைய அனலாக் மீட்டர் இருந்தால் அதுவே மேல். அந்த ஒரு கணச் சரிவு டிஜிட்டலில் கண்ணில் படாமல் போகும்.

எலெக்ட்ரானிக் த்ராட்டிலில் இந்த இழுக்கும் வேலை கூடாது. இக்னிஷன் ஆனில் இருக்கும்போது விரலை உள்ளே விட்டால் மோட்டார் தகட்டைப் படாரென்று மூடும், விரல் போய்விடும். ஆப்பில் த்ராட்டில் சதவீதத்தை வைத்துக்கொண்டு, பெடலை மெல்ல மிதித்து, எண் சீராக நகர்கிறதா என்று பாருங்கள்.

## ஒரே பார்வையில்

விலைகள் தோராயமானவை, ஊருக்கும் மாடலுக்கும் தகுந்தபடி மாறும்.

| வழி | செலவு (ரூ.) | நேரம் | தப்பானால் இழப்பு | எப்போது பொருந்தும் |
|---|---|---|---|---|
| ரீசெட் மட்டும் | 0 | அரை மணி | கிட்டத்தட்ட ஒன்றுமில்லை | பேட்டரி மாற்றிய பின், சுத்தம் செய்த பின் |
| சுத்தமும் கப்ளரும் | 300–600 | 1–2 மணி | தேய்த்துவிட்ட பூச்சு | 40,000 கி.மீ. தாண்டிய வண்டி, மழைக்குப் பின் வந்த தொல்லை |
| சென்சர் மட்டும் | 500–3,500 | 1 மணி | சென்சர் விலை, ஒரு ஸ்க்ரூ | கேபிள் வண்டி, மீட்டரில் சரிவு தெரிந்தால் |
| த்ராட்டில் பாடி | 6,000–20,000 | அரை நாள் | முழுத் தொகை | எலெக்ட்ரானிக், மற்றதெல்லாம் பார்த்தாகிவிட்டது |
| ஆளிடம் கொடுப்பது | பாகம் + 500–2,000 கூலி | ஒரு நாள் | ஆளைப் பொறுத்தது | வாரண்டி, ஆட்டோமேட்டிக், ஸ்கேனர் கட்டாயம் |

## ரீசெட் மட்டும்

பேட்டரியின் நெகட்டிவ் முனையை 10 எம்.எம். ஸ்பேனரால் கழற்றி, கால் மணி நேரம் விட்டுத் திரும்ப மாட்டுவது. அல்லது ஆப்பில் பிழைக் கோடை அழிப்பது. இரண்டும் ஒன்றில்லை. கோடை அழித்தால் விளக்கு அணையும், ஈசியூ கற்று வைத்த எரிபொருள் திருத்தங்களும் பெரும்பாலும் துடைக்கப்படும். பேட்டரியைக் கழற்றினால் கடிகாரம், ரேடியோ, சில வண்டிகளில் பவர் விண்டோவின் தானியங்கி ஏற்றம் எல்லாம் சேர்ந்து போகும். கோடு கேட்கும் ஸ்டீரியோ என்றால் கழற்றும் முன் அந்த எண் கையில் இருக்கட்டும்.

இது ஒரு ரிப்பேர் என்று நினைத்துச் செய்தால் ஏமாற்றம்தான். கெட்ட சென்சரை ரீசெட் குணமாக்காது. ஈசியூவின் மறதியைத்தான் நாம் வாங்குகிறோம். கொஞ்சம் ஓடியதும் அது பழையபடி கண்டுபிடித்து விளக்கைப் போடும். ஒரு பெரிய நஷ்டமும் இதில் ஒளிந்திருக்கிறது: கோளாறு வந்த நொடியில் எஞ்சின் எவ்வளவு சூடு, என்ன ஆர்பிஎம், என்ன வேகம் என்று ஈசியூ எடுத்து வைத்த படமும் அழிந்துவிடும். அடுத்து வண்டியைப் பார்க்கும் மெக்கானிக்குக் கிடைக்கக்கூடிய ஒரே சாட்சி அதுதான். அழிக்கும் முன் போனில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

இருந்தாலும் ரீசெட்டுக்கு ஒரு மரியாதையான இடம் உண்டு. அது வேறொரு வேலைக்குப் பின் வரும் முடிப்பு. பாடியைச் சுத்தம் செய்ததும் பழைய அழுக்கோடு கற்ற ஐடில் கணக்கு பொருந்தாமல் ஆர்பிஎம் ஏறிக்கொண்டே நிற்கும். அப்போது வண்டிக்கு உரிய முறையில் கற்றுக்கொடுக்க வேண்டும்.

ஹோண்டாவின் பல மாடல்களில்: ஏசி, விளக்கு எல்லாவற்றையும் அணைத்து, ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்கும்வரை 3,000 ஆர்பிஎம்மில் பிடித்து, பிறகு பெடலைத் தொடாமல் 5 நிமிடம் ஐடிலில் விட வேண்டும். ஒரகடத்தில் கட்டிய மைக்ரா, சன்னி போன்ற நிஸான் பெட்ரோல் வண்டிகளில்: பெடலைத் தொடாமல் இக்னிஷனை ஆன் செய்து, பின் ஆஃப் செய்து 10 விநாடி காத்திருந்தால் த்ராட்டில் நகரும் மெல்லிய சத்தம் கேட்கும், மூடிய நிலையை அது கற்றுக்கொண்டது என்று அர்த்தம். ஐடில் காற்றளவைக் கற்பிக்கும் பெடல் முறை வேறு, அது விநாடிக் கணக்கில் மிதித்து எடுக்கும் நாட்டியம். மேனுவலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டியது. ஃபோக்ஸ்வேகன் குடும்பத்தில் பல சமயம் ஸ்கேனர் வழியாகத்தான் முறையான த்ராட்டில் அலைன்மென்ட். இணையத்தில் வேறொரு வண்டிக்குச் சொன்ன முறையை உங்கள் வண்டியில் முயன்றால் கெடுதல் பெரிதாக இராது, பலனும் இராது.

## சுத்தமும் கப்ளரும்

எனக்குக் கேட்டால் பத்தில் ஏழு பேர் இங்கேயே நின்றுவிடலாம். இது கணக்கெடுத்துச் சொல்வதில்லை, நாலைந்து பேர் வண்டியில் கைவைத்த அனுபவத்தில் சொல்வது.

எஞ்சினிலிருந்து திரும்பி வரும் எண்ணெய்ப் புகை த்ராட்டில் தகட்டின் ஓரத்தில் கரியாகப் படிகிறது. ஐடிலில் காற்று போகும் இடுக்கு முடி அளவுதான். அதில் கரி ஏறினால் மூச்சு அடைக்கிறது. சிக்னலில் எஞ்சின் அணைவதற்கும் ஆர்பிஎம் ஏறி இறங்குவதற்கும் இதுவே போதும். டிபிஎஸ் மேல் விழும் பழியில் ஒரு பெரும்பங்கு உண்மையில் இந்தக் கரிக்கு உரியது. கேபிள் வண்டியில் தனியாக ஒரு ஐடில் வால்வு இருக்கும். அதுவும் இதே கரியில் சிக்கும்.

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். ரப்பர் குழாயின் கிளாம்பைத் தளர்த்திக் கழற்றி, பாடியைக் கழற்றாமலே, த்ராட்டில் பாடி கிளீனரைத் துணியில் அடித்துத் துடையுங்கள். நேரே உள்ளே பீய்ச்சாதீர்கள், சென்சர் பக்கம் கண்டிப்பாக வேண்டாம். கார்புரேட்டர் கிளீனரை வாங்கி அடிக்கும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது; அது பூச்சையும் ரப்பரையும் தின்னும். சில பாடிகளில் தகட்டைச் சுற்றி கறுப்பாக ஒரு பூச்சு கம்பெனியிலேயே போட்டிருப்பார்கள். அதையும் கரி என்று நினைத்து ஸ்க்ரப்பர் வைத்துத் தேய்த்தால், மூடிய தகட்டைச் சுற்றிக் காற்று கசிந்து ஐடில் நிரந்தரமாகக் கெடும். துணியும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும். எலெக்ட்ரானிக் தகட்டை விரலால் அழுத்தித் திறக்கவும் வேண்டாம், உள்ளே இருப்பது பிளாஸ்டிக் பற்சக்கரம்.

தகட்டை நிறுத்தும் குட்டி ஸ்க்ரூ ஒன்று தெரியும், சில வண்டிகளில் பெயின்ட் வைத்து அடையாளம் போட்டிருக்கும். ஐடில் ஸ்க்ரூ என்று நினைத்து அதைத் திருகாதவர்கள் குறைவு. அது ஐடிலுக்கு இல்லை. ஒருமுறை திருகினால் அந்த வண்டியின் எல்லா வோல்டேஜ் கணக்கும் மாறிவிடும்.

அப்புறம் கப்ளர். கழற்றி, டார்ச் அடித்து, பச்சையோ வெள்ளையோ படிந்திருக்கிறதா என்று பாருங்கள். கான்டாக்ட் கிளீனர், ஒரு மெல்லிய பிரஷ். ரப்பர் சீல் கிழிந்திருந்தால் அடுத்த மழையில் திரும்ப வரும். கடலோர ஊர்க்காரர்களுக்கு இது ஆண்டுக்கொரு வேலை.

இதன் பலவீனம்: தேய்ந்த கரிப் பாதையை எந்த ஸ்ப்ரேயும் திரும்பக் கொடுக்காது. மீட்டரில் சரிவு தெரிந்துவிட்டால் இங்கே நேரத்தைக் கழிக்க வேண்டாம்.

## சென்சரை மட்டும் மாற்றுவது

கேபிள் வண்டிக்காரர்களின் வரம் இது. மீட்டரில் பிடிபட்ட கோளாறு, இரண்டு ஸ்க்ரூ, ஒரு மணி நேரம்.

ஆனால் அந்த இரண்டு ஸ்க்ரூதான் வில்லன். ஜப்பானியப் பரம்பரை வண்டிகளில் ஸ்க்ரூவின் தலை நம் ஸ்டார் ஸ்க்ரூடிரைவருக்கு முழுக்கப் பொருந்தாது. பார்க்க ஒன்று போலவே இருக்கும், ஆனால் கோணம் வேறு. அழுத்தித் திருகினால் தலை வழுக்கும். முந்தின இரவே துருநீக்கி எண்ணெய் விட்டு, பொருத்தமான ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர) நுனியை வைத்து, பின்பக்கம் சுத்தியலால் லேசாக ஒரு தட்டு தட்டிவிட்டுத் திருகினால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். நான் கற்றுக்கொண்டது வழுக்கவிட்ட பிறகு.

கழற்றும் முன் சென்சரின் விளிம்பும் பாடியும் சேரும் இடத்தில் ஆணியால் ஒரு கோடு கிழித்து வையுங்கள். சென்சரின் ஸ்க்ரூ துளை நீள்வட்டமாக இருந்தால் சென்சரைத் திருப்பிச் சரிசெய்ய வேண்டிய ரகம்: மீட்டரைப் போட்டு, மூடிய நிலை வோல்டேஜ் மேனுவலில் சொன்ன எண்ணுக்கு வரும்போது ஸ்க்ரூவை இறுக்க வேண்டும். துளை வட்டமாக இருந்தால் அந்த வேலை இல்லை, மூடிய நிலையை ஈசியூவே கற்றுக்கொள்ளும். மாட்டும்போது சென்சரின் நாக்கு அச்சின் சரியான பக்கம் உட்கார்ந்ததா என்று பாருங்கள். தப்பாக உட்கார்ந்தால் ஸ்க்ரூ இறுகும்போது உடையும்.

ஸ்டார்ட் செய்யும் முன் கேபிளை இழுத்து விட்டுப் பாருங்கள். 'டப்' என்று தானாக மூட வேண்டும். மூடாத த்ராட்டிலோடு ரோட்டில் இறங்குவது விளையாட்டில்லை.

எது வாங்குவது? கம்பெனி பாகம் கிடைத்தால் அதுதான். இல்லையேல் பாஷ், டென்ஸோ மாதிரி வண்டிக் கம்பெனிகளுக்கே பாகம் செய்து கொடுப்பவர்களின் பெட்டி. மலிவான லோக்கல் பீஸ் மாட்டிய அன்று நன்றாகத்தான் இருக்கும். அதன் கரிப் பாதை எத்தனை காலம் தாங்கும் என்பது வேறு விஷயம், போலிப் பெட்டிகளும் புழங்குகின்றன. மாட்டும் முன் புது சென்சரையே மீட்டரில் ஒருமுறை சுழற்றிப் பார்த்துவிடுவது என் பழக்கம். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

## த்ராட்டில் பாடியை முழுதாக மாற்றுவது

எலெக்ட்ரானிக் வண்டிக்கு வேறு வழி இல்லாதபோது வரும் இடம். பி2135 திரும்பத் திரும்ப வருகிறது, கப்ளர் சுத்தம், வயர் முழுசு, எர்த் நன்றாக இருக்கிறது, இருந்தும் வண்டி முடங்கிய பயன்முறைக்குப் போகிறது என்றால் பாடிதான். முடங்கும்போது ஈசியூ மோட்டாருக்கு மின்சாரத்தை நிறுத்திவிடும், ஸ்பிரிங் தகட்டைக் கொஞ்சமாகத் திறந்து வைத்திருக்கும், வண்டி ஊர்ந்து ஓரம் போகும். பெடலை எவ்வளவு மிதித்தாலும் ஏறாது. அது பழுதின் மேல் பழுதில்லை, பாதுகாப்புக்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள்.

கழற்றுவது நான்கு போல்ட் வேலைதான். ஆனால் பல பாடிகளின் அடியில் இரண்டு கூலன்ட் குழாய் போகும். சூட்டில் பிடுங்கினால் கை வேகும், ஆறியபின் பிடுங்கினாலும் கூலன்ட் கொட்டும், திரும்ப நிரப்பிக் காற்றெடுக்க வேண்டும். பழைய கேஸ்கெட்டையே வைத்தால் காற்றுக் கசிந்து புதுப் பாடியிலும் பழைய ஐடில் தொல்லை வரும். அப்புறம் கற்றல். அடாப்டரும் இலவச ஆப்பும் கோடைப் படிக்கும், அழிக்கும். புதுப் பாடியைச் சில வண்டிகளுக்கு அறிமுகப்படுத்த அது போதாது. அதற்கென்று கடைசியில் ஒரு மெக்கானிக்கிடம் போகத்தான் போகிறீர்கள் என்றால், தொடக்கத்திலேயே போவது மலிவு.

பழைய பாகம் வாங்கலாமா? சென்னை புதுப்பேட்டையில் பாதிக்கும் குறைந்த விலைக்குப் பேசி வாங்கலாம். கேபிள் பாடி என்றால் நான் வாங்குவேன்: கையில் எடுத்து, அச்சை ஆட்டிப் பார்த்து, தகடு சிக்காமல் மூடுகிறதா என்று பார்த்தால் பாதி தெரிந்துவிடும். எலெக்ட்ரானிக் என்றால் தயங்குவேன். அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்று யாரும் சொல்லப்போவதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் வெள்ளத்தையும் பார்த்த ஊர் இது, தண்ணீரில் ஊறிய மோட்டார் வெளியே பார்த்தால் தெரியாது. வாங்குவதென்றால் பாக எண் கடைசி எழுத்துவரை ஒத்திருக்க வேண்டும், திருப்பிக் கொடுக்கும் பேச்சு பில்லிலேயே எழுதியிருக்க வேண்டும்.

சிலர் மூடியைப் பெயர்த்து உள்ளே இருக்கும் பாதையைச் சுத்தம் செய்து ஒட்டுகிறார்கள். மோட்டாரை நம்பி காலை வைக்கும் இடம் அது. நான் செய்ய மாட்டேன்.

## ஆளிடம் கொடுப்பது

வாரண்டி ஓடிக்கொண்டிருந்தால் பேச்சுக்கே இடமில்லை, ஸ்க்ரூடிரைவரைத் தொடாதீர்கள். ஏஎம்டி, சிவிடி போன்ற ஆட்டோமேட்டிக் வண்டிகளில் பாடியை மாற்றினால் கியர் பெட்டியின் கணக்கையும் சில சமயம் திரும்பக் கற்பிக்க வேண்டிவரும். அதுவும் வீட்டு வேலை இல்லை. வண்டி ஓடும்போது திடீரென்று முடங்கி நெடுஞ்சாலையில் ஒருமுறை நின்றிருந்தால், வீட்டில் பரிசோதனை செய்துகொண்டிருப்பதைவிட அடுத்த நாளே கொடுப்பது நல்லது.

சர்வீஸ் சென்டரா, தெரு முனை மெக்கானிக்கா? கேபிள் வண்டிக்கு நல்ல கையிருக்கும் மெக்கானிக் போதும். எலெக்ட்ரானிக் வண்டிக்கு அவரிடம் உங்கள் கம்பெனிக்கு வேலை செய்யும் ஸ்கேனர் இருக்கிறதா என்று கேளுங்கள். "எல்லா வண்டிக்கும் ஓடும்" என்றால் ஐடில் கற்றல் மெனுவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சர்வீஸ் சென்டரின் குறை வேறு: சென்சர் போனாலும் பாடி, வயர் போனாலும் பாடி என்று முழுப் பாகமாகவே எஸ்டிமேட் போடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. நீங்கள் எடுத்த ஸ்க்ரீன்ஷாட்டையும் மீட்டர் எண்களையும் காகிதத்தில் எழுதிக் கொண்டுபோனால் அட்வைசரின் பேச்சே மாறும். வயரும் எர்த்தும் சோதித்தீர்களா, எத்தனை வோல்ட் வந்தது என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

பில் கட்டும்போது பழைய பாகத்தைக் கையில் கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வந்து, கேபிள் வண்டியின் சென்சர் என்றால், அதையும் மீட்டரில் ஒருமுறை சுழற்றிப் பாருங்கள். என் டூல் பாக்ஸில் அன்று ஜி.பி. ரோட்டில் வாங்கிய அந்தப் புது சென்சர் இன்னும் கிடக்கிறது.